நானூற்றுப் பத்து கிராம்

பல் லேபில் அவளுடைய மேஜை ஜன்னலோரம் இருந்தது. செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும். மருத்துவர்களிடமிருந்து வரும் பிளாஸ்டர் அச்சைக் கையில் எடுத்து, இடது கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு திருப்புத் திருப்புவாள். இந்த ஆள் வலது பக்கம் மட்டும் மெல்லுகிறவர், இந்த அம்மா தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்று பக்கத்து வீட்டில் குடியிருந்தவள் போலச் சொல்லிவிடுவாள். மெழுகில் பல் செதுக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கும்: "ஒரு நூல் அதிகம்." செதுக்குவாள். "இன்னும் ஒரு நூல்."

வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவள் இருந்தது வேறு உலகங்களில். கணினியில் ஆடும் கதை ஆட்டங்கள் மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பித்து. வீரனாகவோ சூனியக்காரியாகவோ திருடனாகவோ வேஷம் கட்டிக்கொண்டு, வழியில் சேரும் நாலைந்து துணைவர்களைக் கூட்டிக்கொண்டு, நாற்பது மணி நேரம் அறுபது மணி நேரம் என்று ஊர் சுற்றுகிற ஆட்டங்கள். ஆடுவதோடு விடமாட்டாள். ஆடி முடித்ததும் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து மூன்று கட்டம் பிரிப்பாள். எழுத்து, துணை, ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், பக்கத்தில் காரணம்.

புருஷன் கிடைத்ததே இந்தக் கிறுக்கினால்தான். ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு இணைய மன்றத்தில் இவள் பெயர் 'கடைவாய்'. அவன் பெயர் 'நடுவர்'. பாலைவனத்தில் நடக்கும் ஓர் ஆட்டம் உசத்தியா, கப்பலில் நடக்கும் ஓர் ஆட்டம் உசத்தியா என்று இரண்டு பேரும் மூன்று நாள் மன்றத்தையே ரணகளமாக்கினார்கள். நாலாவது நாள் அவன் தனியாகச் செய்தி அனுப்பினான்: "நீங்க சொன்னதுதான் சரி. ஆனா அங்க ஒத்துக்க மாட்டேன்." அந்த வரிக்கு அவள் சிரித்தாள். ஒரு வருஷத்தில் கல்யாணம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் மவுஸைப் பிடிப்பான், இவள் பக்கத்தில் நோட்டோடு உட்காருவாள்.

"எழுத்துக்கு எத்தனை?" என்பான்.

"எட்டு. உப்பு வியாபாரி சாகுற இடத்துல ரெண்டு வரி அதிகம். இல்லேன்னா ஒன்பது."

"துணைக்கு?"

"மூணு. நீ பேசினாத்தான் பேசுறாங்க. நீ திரும்பிட்டா சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இதுக்குப் பேரு துணையா? பல் டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கிற கூட்டம்."

"ஆட்டம்?"

"ஆட்டம்தான் எல்லாத்தையும் கெடுக்குது. ஊரே பட்டினியில சாகுதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கான். அதே ஊர்க் கடையில ரொட்டி குவிஞ்சு கெடக்கு. எழுத்து சொல்றதை ஆட்டம் செய்யணும். செய்யலைன்னா அந்த எழுத்து பொய்."

மறுநாள் இதெல்லாம் மன்றத்தில் கட்டுரையாக வரும். கீழே 'நடுவர்' என்று மட்டும் இருக்கும். முதல் தடவை அவள் கேட்டாள். "ரெண்டு பேர் போட்டா படிக்கிறவங்க குழம்புவாங்கம்மா. எல்லாம் நம்ம வீட்டு எழுத்துதானே" என்றான். அவளுக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை. நாலு வருஷத்தில் ஒன்பது நோட்டு நிறைந்தது. நடுவர் என்றால் ஆட்ட உலகத்தில் ஒரு மரியாதை வந்தது.

பிறகு அவள் உண்டானாள். ஆறாவது மாதம் தொடங்கி நாலு நாள்கூட ஆகவில்லை, பிள்ளை தங்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி நர்ஸிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, "எடை எவ்வளவு?" நர்ஸ் குறிப்புத் தாளைப் பார்த்துச் சொன்னாள்: "நானூத்திப் பத்து கிராம்."

இரண்டு வாரம் கழித்து லேபுக்குப் போனாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பிளாஸ்டர் பொடி நிறுக்கும் தராசு எதிரில் இருந்தது. கரண்டி கரண்டியாகப் பொடியைப் போட்டாள். நானூற்றுப் பத்து வந்ததும் நிறுத்தினாள். அதை ஒரு துணிப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, அவனைத் தவிர. அவன் பையைக் கையில் வாங்கிப் பார்த்து அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் அவள் நினைக்கிறாள். கோபம் இன்னும் அதிகமாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

அடுத்த வருஷம் ஓர் ஆட்டக் கம்பெனி அவனைக் கூப்பிட்டது. துணைப் பாத்திரங்களைப் பற்றி நடுவரைப் போல யோசித்தவர் இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். வேலை கிடைத்த மூன்றாவது மாதம், துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னான்: "வீட்டுக்குள்ள நுழைஞ்சா தராசு மேல ஏறி நிக்கிற மாதிரி இருக்கும்மா. என்னால முடியல." ஒன்பது நோட்டையும் பெட்டியில் வைத்தான். "வேலைக்கு வேணும். திருப்பித் தரேன்."

தரவில்லை. விவாகரத்துக் காகிதம்தான் வந்தது.

அவள் அண்ணன் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தாள். அண்ணன் அதிகம் பேசாத ஆள். அவருக்கும் சேர்த்து அண்ணி பேசுவாள். வக்கீல் ஆபீஸில் இருபது வருஷமாக டைப் அடிப்பவள். வக்கீல்கள் சந்தேகம் கேட்க அவள் மேஜைக்கு வருவார்கள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். நாத்தனார் வந்து சேர்ந்த அன்று, "இனிமே இந்த வீட்ல உங்கண்ணனைத் திட்ட எனக்கு ஒரு ஆள் துணை" என்றாள்.

நாலு வருஷம் ஓடியது. அவன் கதை எழுதிய ஆட்டம் வெளியானது. மன்றம் முழுக்க அதே பேச்சு. வாங்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கை கேட்கவில்லை.

போரிலிருந்து ஓடிவந்த ஒரு சிப்பாய்தான் நாயகன். கோட்டை நகரம், சந்துகள், கூரை ஒழுகும் சத்திரங்கள். எழுத்து நன்றாகவே இருந்தது. மூன்றாவது மணி நேரத்தில் ஒரு சந்துக்குள், ஜன்னலோரம் உட்கார்ந்து, இறந்தவர்களின் முகத்துக்குச் சாந்தில் அச்சு எடுக்கும் ஒரு பெண் வந்தாள். அவளுக்குப் பெயர் இல்லை. எல்லோரும் 'சாந்துக்காரி' என்கிறார்கள். ஓர் அச்சை எடுத்து, இடது கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னாள்: "ஒரு நூல் அதிகம்."

திரைக்கு முன்னால் இருந்தவள் சிரித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கூட வந்தது. மறக்கவில்லையே என்று.

சாந்துக்காரி துணையாகச் சேர்ந்தாள். அவள் இடுப்பில் ஒரு துணிப்பை தொங்கியது. அதைச் சொடுக்கினால் நாயகன் "அதில் என்ன?" என்று கேட்கலாம். கேட்டாள். சாந்துக்காரி சொன்னாள்: "நானூற்றுப் பத்து கிராம். என் பிள்ளை அவ்வளவுதான் இருந்தது."

அவள் கை மவுஸ் மேலேயே இருந்தது. திரையில் இரண்டு தேர்வுகள் வந்தன. ஒன்று, பேசாமல் நகர்வது. இன்னொன்று, பையைப் பிடுங்கி எறிவது. எறிந்தால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது. சொடுக்கினாள். பை கிழிந்து பொடி சிதறியது. நாயகனைத் துரத்திவந்த கோட்டைக் காவலர்கள் அதில் வழுக்கிக் குட்டிக்கரணம் போட்டார்கள். பின்னணியில் கோமாளி ஊதல் ஒன்று ஊதியது. துணைவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாயகன் சொன்னான்: "கடைசியில் உன் பிள்ளை ஒரு வேலைக்கு உதவியது."

திரையின் மூலையில் ஒரு பதக்கம் மின்னியது. அதன் பெயர் 'எடை குறைப்பு'. ஆடியவர்களில் நூற்றுக்கு அறுபத்தி இரண்டு பேர் அதை வாங்கியிருந்தார்கள்.

கணினியை அணைத்துவிட்டுக் கீழே வந்தாள். அண்ணி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பையைப் பற்றியும். அண்ணிக்கு அது அன்றுதான் தெரியும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த வீட்டில் அது அதிசயம்.

"கேஸ் போடலாமா அண்ணி?"

"போடலாம். ஜெயிக்க முடியாது. உன் பேரு இல்ல, முகம் இல்ல. ஒரு பை இருக்கு. பையைக் கூண்டுல ஏத்தி சாட்சி சொல்ல வைக்க முடியாது." கத்தியை மறுபடி எடுத்தாள். "ஆனா சும்மா விட்டுடாதே. விட்டேன்னா நான் உன்னோட பேச மாட்டேன்."

அவனுக்கு ஒரே வரி எழுதினாள்: "அதை எடுத்திருக்கக் கூடாது." பதில் மறுநாள் வந்தது. "அது ஒரு பாத்திரம்தாம்மா, நீ இல்ல. எழுதுறவன் எங்கேருந்தாவது எடுக்கத்தானே செய்வான்? உனக்கு இது புரியும்னு நெனச்சேன்."

கடைசி வாக்கியத்தை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு தூங்கப் போகும்போதும் எழும்போதும் அவனை எப்படி வீழ்த்துவது என்ற ஒரே நினைப்புதான். லேபில் ஒரு வாரத்தில் மூன்று பல் உடைந்தது.

முதலில் தெரிந்த வழியிலேயே போனாள். மன்றத்தில் விமர்சனம் எழுதினாள். பாலைவன ஆட்டத்தையும் கப்பல் ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்து, எழுத்து, துணை, ஆட்டம் என்று பிரித்து, இந்த ஆட்டம் எங்கெங்கே சறுக்குகிறது என்று விலாவாரியாக எழுதினாள். யாரும் படிக்கவில்லை, படித்தவர்களும் சிரித்தார்கள். "நடுவரின் மாஜி மனைவி நடுவரின் பாணியைக் காப்பியடிக்கிறார்" என்றான் ஒருவன். இன்னொருவன் 'எடை குறைப்பு' பதக்கத்தைப் படமாகப் போட்டு, "வயித்தெரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை?" என்று கேட்டிருந்தான். ஒன்பது நோட்டும் கையில் இருந்தால் முகத்தில் அறைந்த மாதிரி காட்டலாம். நோட்டுகள் அவனிடம்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். புதிதாக ஒரு நோட்டு வாங்கினாள். அந்த ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை நாலு தடவை ஆடினாள். ஒரு பொருளையும் விடாமல் சொடுக்கினாள். இந்த மாதிரி ஆட்டங்களில் சுமக்கும் சாமான் ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. வாள் இவ்வளவு, கம்பளி இவ்வளவு என்று பட்டியலில் இருக்கும். பாரம் கூடினால் நடை தளரும். நாலாவது தடவைதான் சாந்துக்காரியின் சாமான் பட்டியலைத் திறந்து பார்த்தாள். கரண்டி: நூற்று இருபது கிராம். சாந்துச் சட்டி: தொள்ளாயிரம். துணிப்பை: பூஜ்யம்.

வாய்விட்டுச் சிரித்தாள். என்னவோ ஏதோ என்று அண்ணி மாடிக்கு ஓடிவந்தாள்.

"மாட்டினான் அண்ணி. எழுத்துல நானூத்திப் பத்து. ஆட்டத்துல பூஜ்யம். கரண்டிக்கு எடை போட்டிருக்கான், அதுக்குப் போடல."

"அதனால?"

"அதனால நான் போடப் போறேன்."

ரசிகர்கள் தங்கள் இஷ்டப்படி மாற்றங்கள் செய்துகொள்ள அந்தக் கம்பெனியே ஒரு கருவியை இலவசமாகக் கொடுத்திருந்தது. ரசிகர்கள் அதை 'மாட்' போடுவது என்பார்கள். தொப்பி மாற்றுவார்கள், குதிரைக்கு வரிக்குதிரைக் கோடு போடுவார்கள். இவள் கதையையே மாற்றக் கற்றுக்கொண்டாள். காலை ஐந்திலிருந்து ஏழுவரை, பத்தொன்பது மாதம். அண்ணன் தினமும் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போவார்.

நடுவர் எழுதிய ஒரு வார்த்தையையும் அவள் அழிக்கவில்லை. பையை எறியலாம், நாயகன் அந்த நகைச்சுவையைச் சொல்லலாம். ஊதல் சத்தத்தையும் துணைவர்களின் சிரிப்பையும் மட்டும் எடுத்துவிட்டாள். அவன் வரிக்குப் பிறகு சத்தமே இல்லை. அடுத்த முகாமில் சாந்துக்காரி இருக்கமாட்டாள். அதற்கடுத்த முகாமில் சமையல்காரக் கிழவன் இருக்கமாட்டான். பிறகு வில்லாளி. யாரும் காரணம் சொல்லமாட்டார்கள், சண்டை போடமாட்டார்கள், ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். கடைசிக் கோட்டைக்கதவை இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் திறக்கும். நாயகன் தனியாக நிற்பான். எதிரி வரமாட்டான், இசை வராது, 'ஆட்டம் முடிந்தது' என்றுகூட வராது.

எறியாதவர்களுக்கு வேறு வழி. ஒரு நாள் நடந்துகொண்டே சாந்துக்காரி பையை அவிழ்த்து, "இதைக் கொஞ்சம் பிடி" என்று நீட்டுவாள். பை நாயகனின் சாமானோடு சேர்ந்துவிடும். எடை நானூற்றுப் பத்து. நடையில் ஒரு நூல் அளவு தளர்வு. ஓடும்போது மூச்சு கொஞ்சம் முன்னாடியே வாங்கும். இருபது மணி நேரம் சுமக்கவேண்டும். கோட்டைக்கதவைச் சேர்ந்து தள்ளித் திறந்ததும், பையை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நன்றி என்று ஒரு சொல் சொல்லமாட்டாள்.

அண்ணிதான் முதலில் ஆடிப் பார்த்தாள். வாழ்க்கையில் கணினி ஆட்டமே ஆடாதவள். நாயகனை இரண்டு தடவை கிணற்றில் தள்ளினாள், ஒரு தடவை சத்திரக்காரரை வெட்டினாள். தெரியாத்தனமாகப் பையையும் எறிந்துவிட்டாள். முகாமில் சாந்துக்காரியைக் காணோம் என்றதும் பதறிப்போனாள்.

"எங்க போனா? நான் வேணும்னா போட்டேன்? கை பட்டுருச்சு! அவகிட்ட சொல்லு!"

"சொல்ல முடியாது அண்ணி."

"என்ன முடியாது? நீதானே செஞ்சே? கூப்பிடு அவளை!"

அண்ணியின் கண் கலங்கியிருந்தது. இவள் நோட்டில் 'துணை' கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, லேபுக்குக் கிளம்பும் முன் மன்றத்தில் ஏற்றினாள். 'சாந்துக்காரியின் பாரம்', ஆக்கம் 'கடைவாய்'. முதல் வாரம் நாற்பது பேர் இறக்கிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம், ஆடுவதை நேரலையில் காட்டிச் சம்பாதிக்கும் ஒரு தடியன் கேலி செய்வதற்காகவே எடுத்து ஆடினான். பையை எறிந்து கெக்கே பிக்கே என்று சிரித்தான். நாலு நாள் தொடர்ந்து ஆடியபின் கோட்டைக்கதவின் முன் தனியாக நின்றான். துணைவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிப் பதினோரு நிமிஷம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பதினோரு நிமிஷத்தைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதன்பின் எங்கே பார்த்தாலும் ஒப்பீடுதான். நடுவரின் சாந்துக்காரி, கடைவாயின் சாந்துக்காரி. எழுத்தில் யார், துணையில் யார், ஆட்டத்தில் யார். மூன்றிலும் அவன் தோற்றான். தோற்றதோடு போகவில்லை. பொழுதுபோகாத யாரோ ஒருவர் நடுவரின் பழைய கட்டுரைகளைத் தோண்டி எடுத்தார். 'எழுத்து சொல்வதை ஆட்டம் செய்யவேண்டும்' என்று பத்து வருஷத்துக்கு முன் எழுதியவர், பைக்கு எடை போட மறந்தது எப்படி? 'ஒரு நூல் அதிகம்' என்று கட்டுரைக்குக் கட்டுரை வருகிறதே, தனியாக வந்த பிறகு எழுதிய கட்டுரை எதிலும் ஏன் வரவில்லை? ஆனால் கடைவாய் எழுதியதில் இருக்கிறதே? ஒரே வாரத்தில் மன்றமே அந்தக் கட்டுரைகளை யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டது. இவள் வாயைத் திறக்கவே இல்லை. தினமும் வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்தாள். அது அவளுக்கு அவ்வளவு ருசித்தது, வெட்கப்படவும் இல்லை.

நடுவே யாரோ ஒரு பெண் மூன்றே சொல் எழுதியிருந்தாள்: "எனக்கு முந்நூற்று எண்பது." அதைப் படித்தபோது லேபில் இருந்தாள். கை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அரை மணி நேரம் அவனை மறந்தே போயிருந்தாள். பிறகு மறுபடி ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அவன் போன் செய்தான்.

"நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியுமே. எடை போட்டேன்."

"ஆபீஸ்ல எல்லாரும் என்னைப் பாக்குற பார்வை... பழைய கட்டுரையெல்லாம் எடுத்துக் காட்டிக் கேக்குறாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், நிறுத்திடுவாங்க. ரெண்டு பேரும் சேந்துதான் எழுதினோம்னு சொல்லேன்."

"ரெண்டு பேர் போட்டா படிக்கிறவங்க குழம்புவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மேஜையில் இருந்த கடைவாய்ப்பல்லை ஒரே மூச்சில் செதுக்கி முடித்தாள். அந்த வருஷத்தில் அவள் செய்ததிலேயே நேர்த்தியான பல் அது.

அவனுடைய கம்பெனியிலிருந்து தலைமைத் தயாரிப்பாளர் நேரிலேயே வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இவளுடைய சாந்துக்காரியையே இனி அசல் ஆட்டத்தில் வைக்க விரும்புகிறோம், வாரத்தில் ஒரு நாள் வந்து கதைப் பகுதியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சம்பளத்தைச் சொன்னார்.

"அதை அண்ணிகிட்ட பேசுங்க" என்றாள் இவள். "எனக்கு ரெண்டு விஷயம் வேணும். என் ஒன்பது நோட்டும் திரும்பி வரணும். அப்புறம், ஆட்டம் தொடங்கும்போது அவன் எழுதின ஒரு குறிப்பு வரணும். அவன் பேரோட. அந்தப் பை யாரோடது, கேக்காம எடுத்தான்னு. வேற யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது. நான் சரின்னு சொன்னாத்தான் போடணும்."

தயாரிப்பாளர் இரண்டையும் குறித்துக்கொண்டார். "நியாயம்தான்" என்றார்.

முதல் குறிப்பு ஒன்றரைப் பக்கம் வந்தது. அண்ணி அதை ஆபீஸில் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். 'படைப்பாளியின் பயணத்தில் சில சமயம் எல்லைகள் மங்கிப்போகின்றன' என்று தொடங்கியது. இவள் சிவப்புப் பேனாவால் முழுசையும் ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் எழுதினாள்: "எழுத்து: இரண்டு. எல்லை தானாக மங்கவில்லை, நீ தாண்டினாய்." திருப்பி அனுப்பினாள்.

இரண்டாவது அரைப் பக்கம். அதில் 'யாராவது காயப்பட்டிருந்தால்' என்று ஒரு தொடர் இருந்தது. "'யாராவது' இல்லை. 'இருந்தால்' இல்லை."

மூன்றாவதில் 'என் துயரமும் அதில் இருந்தது' என்று ஒரு வாக்கியம். அதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். அது உண்மை. அவன் அழுதது ஞாபகம் வந்தது. அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தையும் அடித்தாள். "ஒரு நூல் அதிகம்."

"கல் நெஞ்சுதான் உனக்கு" என்றாள் அண்ணி. குறை சொல்கிற குரலில் இல்லை.

நாலாவது மூன்றே வாக்கியம். 'இந்தப் பையும் இதன் எடையும் என் முன்னாள் மனைவியின் வாழ்க்கையிலிருந்து வந்தவை. நான் கேட்காமல் எடுத்து, கேலிக்குப் பயன்படுத்தினேன். நடுவர் என்ற பெயரில் வந்த கட்டுரைகளின் கருத்தும் அவளுடையது.' கீழே அவன் பெயர். இதில் அவள் கை வைக்கவில்லை. இப்போது யார் அந்த ஆட்டத்தைத் தொடங்கினாலும் இது முதலில் வரும். தாண்டிப் போக வழி கிடையாது. அதுவும் அவள் கேட்டதுதான்.

நோட்டுகள் ஏழுதான் வந்தன. இரண்டைக் காணோம் என்றான். அவள் நம்பவில்லை.

சனிக்கிழமைகளில் லேபுக்கு விடுமுறை; அன்றைக்குக் கம்பெனிக்குப் போனாள். கதைப் பிரிவு ஆறாவது மாடி. அவனை அங்கிருந்து எடுத்து, ஐந்தாவது மாடியில் விளம்பர வாசகம் எழுதும் பகுதியில் போட்டிருந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை லிஃப்டில் அவள் ஏறி நின்ற பிறகு அவன் வந்தான். பார்த்துவிட்டான். பின்வாங்கவும் முடியவில்லை, ஏறினான். கதவு மூடியது. தலைமுடி முன்பக்கம் கொஞ்சம் கொட்டியிருந்தது.

"எப்படி இருக்கே?" என்றான்.

அவள் மாடி எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு நோட்டையும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தேடு."

மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் அவன் இறங்கிவிட்டான். மீதி இரண்டு மாடியைப் படியில் ஏறப்போகிறான். செருப்புச் சத்தம் படிக்கட்டுப் பக்கம் போவது கேட்டது. கதவு மூடும்வரை அவள் அதைக் கேட்டாள்.

ஆறாவது மாடியில், சாந்துக்காரிக்குக் குரல் கொடுக்க வந்திருந்த நடிகை காகிதத்தோடு காத்திருந்தாள். ஒலிப்பதிவு அறைக்குள் போகும் முன் ஒரு வரியைக் காட்டிக் கேட்டாள்: "இந்த இடத்துல அவ அழணுமா மேடம்?"

"வேண்டாம். அவ கோபமா இருக்கா."

நடிகை படித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"இன்னும் கோபமா" என்றாள் இவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே.